நடவுக்கு முன் காரணமறிதல்: கடற்பாசிக் காடுகளின் மீட்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கடற்பாசிக் காடுகளை மீட்டெடுத்தல் என்பது பெரும்பாலும் நடவுப் பணியாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. ஒரு காடு எதனால் அழிந்தது, அக்காரணம் இன்னும் நீடிக்கின்றதா என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மீட்பு முறையைத் தெரிவுசெய்ய இயலும் என்பதைச் சிட்னி, கலிஃபோர்னியா ஆகிய இரு கடற்கரைகளின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அதனடிப்படையில், மன்னார் வளைகுடாவில் கடற்பாசி வளர்ப்பையும் இயற்கைப் பாசிப் படுகைகளின் பாதுகாப்பையும் வேறுபடுத்திக் காணவேண்டிய தேவையை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கடற்பாசிக் காடு, கெல்ப், மீட்பு, கடல் முள்ளெலி, மன்னார் வளைகுடா, கப்பாபைகஸ்.

முன்னுரை

தமிழில் ‘பாசி’ என்னும் சொல் குளத்து நீரில் படரும் பசும்படலம் முதல் கடலடிப் பாறையில் மரம்போல் உயர்ந்து நிற்கும் உயிரி வரை அனைத்தையும் குறிக்கிறது. இவற்றுள் ‘கெல்ப்’ எனப்படுபவை குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகுந்த கடல்நீரில் வளரும் பெரும் பழுப்புப் பாசிகளாகும். மாக்ரோசிஸ்டிஸ் பைரிஃபெரா என்னும் மாபெரும் கெல்ப், ஏற்ற சூழலில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவிற்கு வளரக்கூடியது. இப்பாசிகளுக்கு உண்மையான வேர் இல்லை. வேர்போல் தோன்றும் பற்றுறுப்பு பாறையைப் பற்றிக்கொள்ள மட்டுமே உதவுகிறது; ஊட்டத்தை நீரிலிருந்து உடல்பரப்பு முழுவதாலும் ஈர்த்துக்கொள்கின்றன. மணற்பரப்பில் வேரூன்றிப் பூக்கும் கடற்புற்கள் இவற்றினின்றும் வேறானவை.

மீன்களும் சிப்பியினங்களும் இக்காடுகளில் உணவும் உறைவிடமும் பெறுகின்றன. எனவே, 2040-ஆம் ஆண்டிற்குள் 10 இலட்சம் ஹெக்டேர் கெல்ப் காடுகளை மீட்கவும் 30 இலட்சம் ஹெக்டேரைப் பாதுகாக்கவும் பன்னாட்டளவில் இலக்கு முன்வைக்கப்பட்டுள்ளது. பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட இலக்குகள் எளிதில் கணக்கிடத்தக்கவை. ஆயினும் எவ்வளவு மீட்கவேண்டும் என்னும் வினா, ஏன் அழிந்தது என்னும் வினாவை மறைத்துவிடக்கூடாது.

சிட்னி: காரணம் நீங்கியும் திரும்பாத காடு

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரையொட்டிய கடற்கரையில், ‘கிரேவீட்’ என வழங்கும் பைலோஸ்போரா கோமோசா என்னும் பழுப்புப் பாசி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்திற்கு முற்றிலும் மறைந்துபோனது. இது கெல்ப் வரிசையைச் சேர்ந்ததன்று. ஃபியூகேல்ஸ் என்னும் வரிசையைச் சேர்ந்தது. எனினும் கெல்ப்பைப் போன்றே காடாக அடர்ந்து வளர்வது. நகரின் கழிவுநீர் கரையோரத்திலேயே கடலில் கலக்கவிடப்பட்டது இம்மறைவிற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1990-களின் தொடக்கத்தில் கழிவுநீரை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் அமைக்கப்பட்டபின் நீரின் தரம் மேம்பட்டது. ஆயினும் பாசி தானாகத் திரும்பவில்லை.

இதற்கான விளக்கம் அப்பாசியின் இனப்பெருக்க இயல்பில் அமைந்துள்ளது. கிரேவீட்டில் ஆண், பெண் உயிரிகள் தனித்தனியானவை. கருவுற்ற முளைகள் பெரும்பாலும் தாய்ப்பாசியின் அருகிலேயே பாறையில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, பல கிலோமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் புதிய இடத்தில் குடியேறுவது அரிதாகிறது. 2011-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள், பாசி செழித்திருந்த இடங்களிலிருந்து இனப்பெருக்க நிலையிலிருந்த ஆண், பெண் பாசிகளைக் கொணர்ந்து, பாறையில் பொருத்திய வலைத்துண்டுகளில் இணைத்தனர். அவை உயிர்வாழ்ந்து இனம் பெருக்கின. அடுத்த தலைமுறைப் பாசிகள் பாறையிலேயே முளைத்தன. இங்கு நடவு வெற்றிபெற்றமைக்கு, அழிவின் காரணம் முன்னரே நீங்கியிருந்ததே அடிப்படையாகும்.

கலிஃபோர்னியா: காரணம் நீடிக்கும் கடல்

வட கலிஃபோர்னியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 2013-ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய நலிவு நோயால், சூரியகாந்தி நட்சத்திர மீன் எனப்படும் பைக்னோபோடியா ஹீலியாந்தாய்டிஸ் பெருமளவில் மடிந்தது. கடல் முள்ளெலிகளை இரையாக்கிக்கொள்ளும் முதன்மையான உயிரிகளுள் அதுவும் ஒன்று. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலை ஊட்டச்சத்தைக் குறைத்துக் கெல்ப்பின் வளர்ச்சியைத் தடுத்தது. உண்பாரற்றுப் பெருகிய ஊதாக் கடல் முள்ளெலிகள், எஞ்சிய பாசிகளையும் தின்று தீர்த்தன. 350 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில், நெரியோசிஸ்டிஸ் என்னும் கெல்ப்பின் பரப்பு 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. உணவின்றி வாடிய அபலோன் சிப்பிகள் மடிந்தமையால், 2018-இல் அவற்றைப் பிடிப்பதற்கான அனுமதி நிறுத்தப்பட்டது.

இத்தகைய பாறைப்பரப்பு ‘முள்ளெலித் தரிசு’ எனப்படுகிறது. முள்ளெலிகள் உணவின்றியும் பல ஆண்டுகள் உயிர்வாழவல்லவை என்பதால், இத்தரிசு எளிதில் மாறுவதில்லை. புதிதாக நடப்படும் எந்த இளம்பாசியும் அவற்றுக்கு இரையாகிவிடும். இதே மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள பாலோஸ் வெர்டெஸ் கடற்பகுதியில் பின்பற்றப்பட்ட முறை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 2013 முதல், மூழ்குநர்கள் சிறு சுத்தியல்களால் முள்ளெலிகளின் எண்ணிக்கையைக் குறைத்தனர். அவ்விடங்களில் மாபெரும் கெல்ப் நடவின்றியே மீண்டும் வளர்ந்தது. அருகில் எஞ்சியிருந்த காடுகளே அதற்கு வித்தாக அமைந்தன.

சிட்னியில் காரணம் நீங்கியிருந்தது, வித்து இல்லை. பாலோஸ் வெர்டெஸில் வித்து இருந்தது; காரணம் நீங்கவில்லை. முன்னதற்கு நடவும் பின்னதற்கு முள்ளெலி அகற்றலும் தீர்வாயின. இவற்றை இடம்மாற்றிச் செய்திருப்பின் இரண்டுமே பயனற்றுப் போயிருக்கும் எனலாம்.

மன்னார் வளைகுடா: வளர்ப்பும் பாதுகாப்பும்

வெப்பமண்டலக் கடலாகிய மன்னார் வளைகுடாவில் கெல்ப் வளர்வதில்லை. ஆயினும் சிட்னியின் கிரேவீட் சார்ந்த அதே ஃபியூகேல்ஸ் வரிசையைச் சேர்ந்த சர்காசம் என்னும் கட்டக்கோரையும், டர்பினேரியா என்னும் பக்கோடாப் பாசியும் இங்குப் படுகைகளாக வளர்கின்றன. இவற்றுடன் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி ஆகிய செம்பாசிகளும் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்களால் நெடுங்காலமாகச் சேகரிக்கப்பட்டு வருகின்றன. 1986-இல் இங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியும் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டதால், இப்பெண்களின் வாழ்வாதாரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே முரண் எழுந்தது.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது கப்பாபைகஸ் ஆல்வரேசி என்னும் அயற்பாசியின் வளர்ப்பு ஆகும். மூங்கில் மிதவைகளில் கட்டப்படும் இப்பாசி ஏறத்தாழ 45 நாள்களில் அறுவடைக்கு வருகிறது. பல குடும்பங்களுக்கு இது வருவாய் ஈட்டித் தருவதை மறுக்க இயலாது. ஆனால் இதன் ஒரு சிறு துண்டும் தனிப்பாசியாக வளரவல்லது. குருசடைத் தீவினை அடுத்த பவளங்களின்மீது இது படர்ந்து மூடியமை 2008-இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது. 2021-22 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டிற்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டதை அடுத்து, வளர்ப்புப் பரப்பு மேலும் விரிவடையும் சூழல் உருவாகியுள்ளது.

மிதவையில் வளர்த்து அறுக்கப்படும் ஒற்றைப் பயிர், பாறையைப் பற்றித் தலைமுறைகளாகத் தொடரும் பல்லினப் படுகைக்கு ஈடாகாது. முன்னது வேளாண்மை, பின்னது வாழிடம். ‘கடற்பாசிப் பரப்பு’ என்னும் ஒரே தலைப்பில் இரண்டையும் கணக்கிட்டால், படுகைகள் குறைந்துகொண்டிருக்கும்போதே பரப்பு கூடியதாகப் புள்ளிவிவரம் காட்டக்கூடும்.

படுகையின் நலிவிற்கு மிகைச் சேகரிப்பு காரணமாக அமையுமிடத்து, தீர்வும் சேகரிப்பு முறையிலேயே தேடப்பட வேண்டும். பாம்பன் பகுதிப் பெண்கள் சேகரிப்பை மாதத்திற்கு 12 நாள்களாகத் தாமே வரையறுத்துக்கொண்டமையும், பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தவிர்த்தமையும் இவ்வகையில் கருதத்தக்கன. பற்றுறுப்பு பாறையில் எஞ்சினால் அதிலிருந்து பாசி மீண்டும் தழைக்கும் என்பது மரிக்கொழுந்து போன்ற இனங்களுக்குப் பொருந்தும். இப்பெண்களின் முயற்சிக்குத் தலைமையேற்ற லட்சுமி மூர்த்தி 2015-ஆம் ஆண்டின் சீகாலஜி விருதைப் பெற்றார்.

முடிவுரை

கடற்பாசிக் காட்டின் மீட்பில் நடவு ஒரு கருவி மட்டுமே. வித்து இல்லாதவிடத்து நடவும், உண்ணி மிகுந்தவிடத்து அதனைக் குறைத்தலும், மிகையாகச் சேகரிக்கப்படுமிடத்து ஓய்வும் பொருத்தமான வழிகளாகும். மன்னார் வளைகுடாவைப் பொறுத்தவரை, ‘வளர்ப்பு’, ‘மீட்பு’, ‘பாதுகாப்பு’ ஆகிய சொற்களைத் தனித்தனிப் பொருளில் ஆளுவது தமிழ் ஆய்வுலகின் உடனடிக் கடமையாகிறது. படுகைகளைப் பல்லாண்டுகளாக நேரில் கண்டுவரும் சேகரிப்பாளர்களின் இனப்பெயர்களையும் பருவ அறிவையும் முறையாகத் தொகுப்பது அப்பணியின் முதற்படியாக அமையும்.