கிளிப்புக்குள் குடியிருப்பவை

பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறீர்களா? கம்பியைச் சுற்றி, பிரஷ் எட்டாத இடுக்குகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கிக்கொண்டிருக்கும். பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கிளிப்பைக் கழற்றும்போது தெரியும் வெள்ளைத் திட்டுகள் அப்படி வந்தவைதான். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கிருமியைக் கொல்லும். ஆனால் நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். புரோபயாடிக் மவுத்வாஷின் வழி வேறு: நல்ல பாக்டீரியாக்களை வாய்க்குள் விட்டு, கெட்டவற்றை ஒண்டவிடாமல் செய்வது. வேடிக்கை என்னவென்றால், அதில் சேர்க்கப்படும் லாக்டோபேசிலஸும் அமிலம் சுரக்கும் இனம்தான்! சில ஆய்வுகளில் மியூட்டன்ஸ் குறைந்தது, சிலவற்றில் இல்லை. காசு கொடுத்து புரோபயாடிக் மவுத்வாஷை வாங்குமுன், ஃப்ளூரைடு பேஸ்ட்டும் கம்பியிடுக்கில் நுழையும் குட்டி பிரஷும் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.