சைத்ர மாதத் தள்ளுபடி

ஆடி பிறந்தால் தமிழ்நாட்டு ஜவுளிக் கடைகள் விலையைக் குறைப்பது நேயர்கள் அறிந்ததே. திருமணம் நடவாத மாதமாகையால் வாணிபம் மந்தமாகிவிடும். கொல்கத்தாவில் குடியேறியிருக்கும் நம்மவர் இத்தகைய மலிவைப் பங்குனியில் எதிர்பார்க்கலாம்.

வங்க ஆண்டின் இறுதி மாதம் சைத்ரம். மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிவது. அம்மாதத்தில் வங்காளிகளும் மணவினை நடத்துவதில்லை. அடுத்து வரும் வைசாக முதல் நாளன்று வணிகர் ‘ஹால் கதா’ என்னும் புதுக் கணக்கேட்டைத் திறப்பர். அதற்குள் பழைய சரக்கைக் காசாக்கிவிட வேண்டும் என்னும் அவசரமே தள்ளுபடிக்கு மூலம். கரியாஹாட், ஹாதிபகான் நடைபாதைகளில் மாலை வேளைகளில் கால் வைக்க இடமிராது. கடைக்காரர் வங்காளியில் கூறும் விலையை நாம் மனத்துள் தமிழாக்கி முடிப்பதற்குள் நல்ல புடவை பிறர் கைக்குப் போய்விடும்!

படுக்கை விரிப்பு, திரைச்சீலை, அன்றாடம் உடுத்தும் பருத்திப் புடவை ஆகியவற்றை அப்போது வாங்குவது நலம். நமது சித்திரைப் புத்தாண்டுக்கும் அவை உதவும். ஆயின், மாசியிலேயே கடைகளுக்குச் சென்று விலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். ஏற்றி எழுதிய விலையில் பாதியைக் கழிப்பது தள்ளுபடி ஆகாது. நடைபாதையில் வாங்கியதைத் திருப்பித் தருவதும் எளிதன்று. வெளிச்சத்தில் விரித்து, நீளத்தையும் தையலையும் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

துர்க்கா பூஜைக்கு வீட்டுப் பணியாளருக்குப் புடவை வழங்குவது அங்குள்ள வழக்கம். அதனையும் சைத்ரத்திலேயே வாங்கி வைப்போர் உண்டு. அத்தொகை ஆறு மாதம் முடங்கும். கடன் வாங்கி அவ்வாறு செய்தால் மிச்சம் வட்டிக்கே சரியாகிவிடும்.