ஹெல்ம் என்றால் என்ன? ஒரே கட்டளையில் இன்ஸ்டால் ஆன ஆப், ஒரு நாள் திடீரென நின்றுபோவது ஏன்?

2025 ஜூலையில் வந்த ஓர் அறிவிப்பு, உலகம் முழுக்க டெவ்ஆப்ஸ் குழுக்களை அவசரமாகத் தங்கள் ஃபைல்களைத் திறந்து பார்க்க வைத்தது. பிராட்காம் நிறுவனத்தின் கையில் இருக்கும் 'பிட்நாமி', பல ஆண்டுகளாக இலவசமாகக் கொடுத்துவந்த கன்டெய்னர் இமேஜ்களில் பெரும்பாலானவற்றைப் பழைய முகவரியிலிருந்து எடுக்கப்போவதாகச் சொன்னது. முதலில் ஆகஸ்ட் 28 என்று குறித்த கெடு, பிறகு செப்டம்பர் 29-க்குத் தள்ளிப்போனது.

யாரோ ஒரு நிறுவனம் தன் இமேஜ்களை இடம் மாற்றினால், வேறெங்கோ ஓடும் ஆப் ஏன் நிற்க வேண்டும்? அதற்குப் பதில் தெரிய, 'ஹெல்ம்' என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கன்டெய்னர், குபெர்னெட்டிஸ்: சின்ன அறிமுகம்

ஒரு ஆப்பும் அது ஓடத் தேவையான லைப்ரரிகளும் சேர்ந்து ஒரே பொட்டலமாக இருப்பதுதான் கன்டெய்னர் இமேஜ். அதை எந்த மெஷினில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும். ஒன்றிரண்டு கன்டெய்னர் என்றால் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் போனால்? எது எந்த சர்வரில் ஓடணும், ஒன்று செத்தால் இன்னொன்றை யார் எழுப்புவது? அந்தப் பொறுப்பை ஏற்பதுதான் குபெர்னெட்டிஸ். கூகுள் 2014-ல் இதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. கிரேக்க மொழியில் இந்தப் பெயருக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். ஹெல்ம் என்றால் அந்தச் சுக்கான்.

ஹெல்ம் எதற்கு?

குபெர்னெட்டிஸிடம் எதையும் யாமல் ஃபைலில் எழுதித்தான் கேட்க வேண்டும். எத்தனை காப்பி ஓடணும் என்பதற்கு ஒரு ஃபைல், நெட்வொர்க் முகவரிக்கு ஒன்று, செட்டிங்ஸுக்கு ஒன்று, பாஸ்வேர்டுகளுக்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் டிராஃபிக்குக்கு ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆப்புக்கு 5 ஃபைல். டெவலப்மென்ட், டெஸ்டிங், புரொடக்ஷன் என 3 சூழல். ஆக 15. இப்படி 10 ஆப் இருந்தால் 150 ஃபைல். இவற்றில் பெரும்பகுதி ஒன்றையொன்று காப்பி அடித்ததாகவே இருக்கும். ஒரு இடத்தில் மாற்றிவிட்டு இன்னொரு இடத்தில் மறந்தால், அன்றைக்கு ராத்திரி யாருக்கோ போன் வரும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக டெய்ஸ் என்ற நிறுவனத்தின் இன்ஜினியர்கள் 2015-ல் உருவாக்கியதுதான் ஹெல்ம். உபுண்டுவில் 'ஆப்ட்', போனில் ப்ளே ஸ்டோர் செய்யும் வேலையை இது குபெர்னெட்டிஸ் கிளஸ்டருக்குச் செய்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்: சார்ட், வேல்யூஸ், ரிலீஸ்.

சார்ட் என்பது ஒரு ஆப்புக்கான எல்லா யாமல் ஃபைல்களும் அடங்கிய தொகுப்பு. அந்த ஃபைல்களில் மாறக்கூடிய இடங்கள் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை மாதிரியில் பெயர், தேதி, மண்டபம் மட்டும் காலியாக இருப்பது போல.

வேல்யூஸ் என்பது அந்த வெற்றிடங்களை நிரப்பும் ஃபைல். டெஸ்டிங்குக்கு 1 காப்பி, புரொடக்ஷனுக்கு 6 காப்பி என்று இங்கே எழுதினால் போதும். சார்ட் ஒன்றுதான், சூழலுக்கு ஒரு வேல்யூஸ் ஃபைல்.

இரண்டையும் சேர்த்து 'ஹெல்ம் இன்ஸ்டால்' கொடுத்ததும் கிளஸ்டரில் உருவாகும் நிறுவல்தான் ரிலீஸ். ஒவ்வொரு முறை 'ஹெல்ம் அப்கிரேட்' கொடுக்கும்போதும் அதற்கு ஒரு புதிய ரிவிஷன் எண் கிடைக்கும்.

ஆரம்ப காலத்தில் இந்த வேலைக்கு 'டில்லர்' என்ற துணை புரோகிராம் கிளஸ்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. பெரும்பாலும் அதற்குக் கிளஸ்டர் முழுக்க அதிகாரம் கொடுத்து வைத்திருந்ததால், பாதுகாப்பு ஓட்டை என்ற விமர்சனம் எழுந்தது. 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3, டில்லரையே தூக்கிவிட்டது. 2025 நவம்பரில் ஹெல்ம் 4 வெளியானது.

ரோல்பேக்: எதைத் திருப்பும், எதைத் திருப்பாது?

ஹெல்மைப் பலரும் விரும்ப முக்கியக் காரணம் ரோல்பேக். ரிவிஷன் 4 சொதப்பினால், 3-க்குத் திரும்பு என்று ஒரே கட்டளை. உடனே 3-ல் இருந்த அதே அமைப்பு, ரிவிஷன் 5 என்ற பெயரில் வந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹெல்ம் திருப்புவது யாமல் அமைப்பை மட்டுமே, டேட்டாவை அல்ல. புதிய வெர்ஷன் டேட்டாபேஸில் ஒரு காலத்தை நீக்கிவிட்டிருந்தால், ரோல்பேக் அதை மீட்டுத் தராது. பழைய கோடு வந்து, இல்லாத காலத்தைத் தேடி விழுந்துவிடும். "ரோல்பேக் இருக்கே, பார்த்துக்கலாம்" என்று வெள்ளிக்கிழமை மாலையில் அப்கிரேட் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பிட்நாமி விவகாரத்தில் நடந்தது என்ன?

சார்ட்டுக்குள் ஆப் இருக்காது. ஆப் எங்கே கிடைக்கும் என்ற முகவரி மட்டுமே இருக்கும். கன்டெய்னர் இமேஜ் இருப்பது டாக்கர் ஹப் போன்ற வேறொரு ரெஜிஸ்ட்ரியில்.

போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் போன்றவற்றை நிறுவ பலரும் எடுத்தது பிட்நாமியின் சார்ட்டைத்தான். அந்த சார்ட்டுகளின் சோர்ஸ் கோடு இப்போதும் ஓப்பன் சோர்ஸ்தான். ஆனால் அவை சுட்டிக்காட்டிய வெர்ஷன் வாரியான இமேஜ்கள் 'பிட்நாமி லெகசி' என்ற தனி இடத்துக்குப் போயின. அங்கே இனி அப்டேட் கிடையாது, அதாவது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பேட்ச் வராது. இலவசமாக மிச்சம் இருப்பது குறிப்பிட்ட சில இமேஜ்களின் லேட்டஸ்ட் வெர்ஷன் மட்டுமே. மற்றவைக்குச் சந்தா.

இதில் கவனிக்க வேண்டியது, பாதிப்பு உடனே தெரியாது என்பதுதான். ஏற்கெனவே ஓடும் கன்டெய்னர் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் இமேஜின் பிரதி அந்த சர்வரிலேயே இருக்கிறது. அந்த சர்வர் பழுதாகி, கன்டெய்னர் புதிய சர்வருக்கு மாறும்போதுதான் இமேஜை மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டிவரும். பண்டிகை சேல் நாளில் கூட்டம் ஏறி, புதிய சர்வர்கள் தானாகச் சேரும்போதும் இதேதான். பழைய முகவரியில் எதுவும் இல்லையென்றால் 'இமேஜ் புல் பேக்ஆஃப்' என்று நிற்கும். மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடும் வகைச் சிக்கல் இது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், 'ஹெல்ம் கெட் மேனிஃபெஸ்ட்' கட்டளையை உங்கள் ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓட்டி, அதில் வரும் இமேஜ் முகவரிகளைப் பட்டியல் எடுங்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத முகவரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, புரொடக்ஷனுக்குத் தேவையான இமேஜ்களை உங்கள் நிறுவனத்தின் சொந்த ரெஜிஸ்ட்ரியில் பிரதி எடுத்து வையுங்கள். வேல்யூஸ் ஃபைலில் அந்த முகவரியைக் கொடுங்கள்.

மூன்றாவது, 'லேட்டஸ்ட்' என்று எழுதாதீர்கள். சார்ட்டுக்கும் இமேஜுக்கும் குறிப்பிட்ட வெர்ஷன் எண்ணைக் கொடுங்கள். அப்போதுதான் இன்றைக்கு டெஸ்ட் செய்ததே நாளைக்கும் ஓடும்.

நான்காவது, அப்கிரேடுக்கு முன் 'ஹெல்ம் டெம்ப்ளேட்' கொடுத்து, கிளஸ்டருக்கு என்ன போகப்போகிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். பாஸ்வேர்டை வேல்யூஸ் ஃபைலில் எழுதி கிட்டில் ஏற்றும் பழக்கம் இருந்தால், அதையும் இதோடு நிறுத்திவிடுங்கள்.

இந்த நான்கில் எதற்கும் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. முதல் வேலையைத் தொடங்க ஒரு டெர்மினல் போதும், அதை இந்த வாரமே முடித்துவிடலாம்.