ஒரு சொல், 645 பொருள்!

நீர் இறைக்கும் பம்புகளுடன் வரும் குறிப்பேட்டில், 'டு நாட் ரன் த பம்ப் டிரை' என்ற ஆங்கில எச்சரிக்கையைக் காணலாம். 'ரன்' என்றால் ஓடு. 'டிரை' என்றால் உலர்ந்த. இவ்விரண்டையும் கூட்டி, 'பம்பை ஓட்டி உலர்த்தாதே' என்று ஒருவர் பொருள் கொண்டால் என்னவாகும்? 'உள்ளே நீரின்றிப் பம்பை இயக்காதே' என்பதே உண்மைக் கருத்து. கசிவைத் தடுக்கும் 'சீல்' என்னும் உறுப்பைப் பல பம்புகளில் அவற்றினுள் செல்லும் நீரே குளிர்விக்கிறது. நீர் இல்லையெனில் அது சூடேறிக் கெட்டுவிடும். ஒரு சிறு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பம்பே பழுதாகும்!

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் 'செட்'. பின்னர் அகராதியைத் திருத்தியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள்! இவற்றை வகைப்படுத்த அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலானவை 'தடையின்றிச் செல்லுதல்' என்ற கருத்திலிருந்து கிளைத்தவையே. மனிதன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, துணியின் சாயம் பரவுகிறது, எந்திரம் இயங்குகிறது. எந்திரத்தை இயக்குவது போலவே கடையை நடத்துவதும், கணிப்பொறியில் நிரலைச் செயற்படுத்துவதும் 'ரன்'தான். பந்தயத்தில் ஓடுவது போலத் தேர்தலில் போட்டியிடுவதும் 'ரன்'.

இது நமக்குப் புதிதன்று. தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது. திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. கவலை வந்தால் 'ஒன்றும் ஓடவில்லை' என்கிறோம். இவையெல்லாம் ஒரே சொல்லின் விரிவுகள். ஆனால் கூரையில் வேயும் ஓடு, ஒலியில் மட்டும் ஒத்த வேறு சொல். இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

துணைச்சொல் சேர்ந்தால் பொருள் மேலும் மாறும். 'ரன் இன்டு' ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது. 'ரன் அவுட் ஆஃப்' கையிருப்பு தீர்ந்துபோவது. சாவி தீர்ந்த கடிகாரமும் களைத்துப்போன மனிதனும் 'ரன் டவுன்'. 'இன் த லாங் ரன்' என்றால் நாளடைவில். ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வெளிவரும் சரக்கைக் குறித்த 'ரன் ஆஃப் த மில்', இன்று 'சாதாரணமானது' என்று பொருள்படுகிறது.

ஆகவே, இத்தகைய சொல்லைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எது ஓடுகிறது? பக்கத்தில் நிற்கும் சொல் எது? பேசப்படும் துறை எது? இவற்றுக்கு விடை கண்டபின் அகராதியைப் புரட்டுங்கள். முதல் பொருளோடு நின்றுவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். ஆங்கிலப் பாடநூல் உங்களை மிரட்டாது.