யாரும் பார்க்காத துகளுக்கு எடை சொன்னது எப்படி?

கோலத்துக்கு நான்கு, மூன்று, இரண்டு என்று புள்ளி வைத்துவிட்டீர்கள். விடுபட்ட கடைசிப் புள்ளி எங்கே வரும் என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா?

1962-இல் ஜெனீவாவில் நடந்த செர்ன் ஆய்வக மாநாட்டில் இயற்பியலாளர் முர்ரே கெல்-மான் செய்ததும் அதுதான். அறிந்த ஒன்பது துகள்கள் அப்படித்தான் வரிசைகட்டின. சமச்சீர்மையை ஆராயும் இயற்கணிதமோ, இந்தக் குடும்பத்தில் ஒன்பது பேர் இருக்க வழியில்லை, பத்து வேண்டும் என்றது. இன்னொரு இயற்பியலாளரான யுவால் நேமனும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

பெரிய வியப்பு எடைதான்.

வரிசைக்கு வரிசை எடை ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. அதை இன்னொரு முறை கூட்டினால் பத்தாவதன் எடை! இருக்கும் இடத்தை வைத்தே அதற்கு எதிர் மின்னேற்றம் என்பதும் தெரிந்தது.

1964-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், துகள்களின் தடம் பதியும் குமிழி அறைப் படங்களைச் சலித்தபோது அந்தப் பத்தாவது துகளான ஒமேகா-மைனஸ் சிக்கியது, கணித்ததற்கு மிக நெருங்கிய எடையோடு.