விந்தகப் புற்றுநோய்: கட்டியை எடுத்தாச்சு... அப்புறம் எதுக்கு அஞ்சு வருஷம் ஸ்கேன்?

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, ரிப்போர்ட்டும் நார்மல். அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி ஸ்கேன்?" முதல் நிலை விந்தகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வரும் நோய். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. அதனால், விசாரித்துத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. வெளியே சொல்லவும் கூச்சம்!

முதல் நிலை என்றால் என்ன?

கட்டி விந்தகத்தைத் தாண்டவில்லை என்று அர்த்தம். தொடை இடுக்குக்கு மேல் சிறிதாகக் கீறி, அந்த விந்தகத்தை அகற்றிவிடுவார்கள். ஆனால், முதுகெலும்பை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சில செல்கள் ஏற்கெனவே போயிருக்கலாம். ஸ்கேனில் தெரியாத அளவுக்கு அவை சிறியவை. பிற்பாடு நோய் திரும்புவதற்கு இவைதான் காரணம்.

யாருக்குத் திரும்பும்?

* 'செமினோமா' வகை: வேறு சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருக்கும் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு.
* 'நான்-செமினோமா' வகை: 100 பேரில் சுமார் 30 பேருக்கு. ரத்தக்குழாய் அல்லது நிணநீர்க் குழாய்க்குள் கட்டி நுழைந்திருப்பதாக பயாப்சி ரிப்போர்ட் சொன்னால் ஆபத்து சுமார் 50 சதவீதம். இல்லையென்றால் சுமார் 15.

பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும்.

பயப்பட வேண்டுமா?

வேண்டாம். திரும்பினாலும் கிட்டத்தட்ட எல்லோரையும் குணப்படுத்த முடிகிறது. 1970-களில் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 'சிஸ்பிளாட்டின்' கூட்டு மருந்து சிகிச்சையை நிலைநிறுத்திய பிறகு வந்த மாற்றம் இது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு 2012-ல் இண்டியானாபோலிஸில் ஐன்ஹார்னின் மேற்பார்வையில்தான் சிகிச்சை நடந்தது. அவருக்கு வந்ததும் செமினோமாதான்; ஆனால், விந்தகத்தில் அல்ல, நுரையீரல்களுக்கு நடுவில். அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் மீண்டும் களமிறங்கினார்.

அப்படியானால் எல்லோருக்கும் கீமோ கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம். செமினோமாவுக்கு ஒரு டோஸ் கார்போபிளாட்டின், நான்-செமினோமாவுக்கு ஒரு சுற்று கூட்டு கீமோ என வழிகள் உண்டு. ஆபத்து நன்றாகக் குறையும். ஆனால், நோய் திரும்பவே போகாத பலருக்கும் தேவையில்லாமல் மருந்து ஏறும். அதனால்தான் 'கண்காணிப்பு' ஒரு சிகிச்சை முறையாகவே வைக்கப்படுகிறது. எந்த வழியானாலும், குழந்தை வேண்டும் என்பவர்கள் கீமோவுக்கு முன்பே விந்தணு சேமிப்பு பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

கண்காணிப்பில் என்ன பார்ப்பார்கள்?

ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய ரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன், உடல் பரிசோதனை. செமினோமாவில் ரத்த அளவுகள் நார்மலாக இருக்கும்போதே நோய் திரும்பலாம் என்பதால் ஸ்கேனைத் தவிர்க்க முடியாது. கதிர்வீச்சு பயம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 669 செமினோமா நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து, 2022-ல் வெளியான 'டிரிஸ்ட்' ஆய்வில், சி.டி.க்குப் பதில் எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பாதகமில்லை என்று தெரிந்தது.

இன்னொரு விந்தகத்திலும் 100 பேரில் சுமார் 2 பேருக்குப் பின்னாளில் கட்டி வரலாம். மாதம் ஒருமுறை, குளித்து முடித்ததும் விரல்களால் உருட்டிப் பார்த்தால் போதும். வலியில்லாத கட்டி, விடாத முதுகுவலி, கழுத்தில் வீக்கம் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

ஊர் மாறினாலும் தேதி மாறக் கூடாது

சொந்த ஊர் புளியறை, வேலை பெங்களூரு என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் திருநெல்வேலியில் நடந்திருக்கலாம். அல்லது ஆரியங்காவு, புனலூர் வழியாகப் போய் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் காட்டியிருக்கலாம். வேலை மாறும், வீடு மாறும், உடம்பும் நன்றாக இருக்கும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போவது இப்படித்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மூன்று சுற்று கீமோவோடு முடியும். முற்றிப் பரவிய பிறகு என்றால் நான்கு சுற்றும், பெரிய அறுவை சிகிச்சையும்கூடத் தேவைப்படலாம்.

பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள், ரத்த அளவுகள் மூன்றையும் செல்போனில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் ரத்தம் கொடுங்கள். ஊர் மாறும்போது, இருக்கிற டாக்டரிடம் அடுத்த ஸ்கேன் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.