கடலில்லா நாட்டுக்கு வந்த ரயில்

ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன் நான். எங்கே புதுப்பாதை போட்டாலும் மனம் அங்கே போய்விடும்.

தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரையே இல்லாத ஒரே நாடு லாவோஸ். தொழிலுக்கு வேண்டிய இயந்திரமும் எரிபொருளும் அண்டை நாடுகள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2021 டிசம்பர் 3 அன்று தலைநகர் வியந்தியானையும் சீனாவின் குன்மிங் நகரையும் இணைக்கும் 1,035 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. மலைச்சாலையில் லாரிகள் திணறிச் சுமந்த ரப்பர், தாதுப்பொருள், மரவள்ளி மாவு எல்லாம் ரயிலேறின.

ஆனால் ஒரு சிக்கல். இப்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். மேக்காங் ஆற்றுக்கு அப்பால் தாய்லாந்தில் 1,000. எனவே வியந்தியானில் கன்டெய்னர்களை இறக்கி ஏற்ற வேண்டும். நம் நாட்டில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த யார்டுகளில் மூட்டைகள் காத்துக் கிடந்ததைப் பார்த்த அன்பர்களுக்கு அந்த நஷ்டம் புரியும்.

லாவோஸ் பகுதிக்கான செலவு சுமார் 600 கோடி டாலர். பெரும்பகுதி சீனக் கடன். பிறர் சரக்கு கடந்து போனால் மட்டும் கடன் அடையாது. ஸ்டேஷன் அருகே ஆலைகள் எழுந்து, ரப்பர் கட்டியாகப் போகாமல் டயராகப் போனால்தான் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை.

பாதை போடுவது எஞ்சினீயர் வேலை. வேகனை நிரப்புவது நாட்டின் வேலை.